அம்மா பேரம் பேசிய ஆறு வாரம்

ஜூன் 12, வியாழன்

நர்ஸ் ஜான்சி இன்றைக்கு இந்த நோட்டைக் கொடுத்துவிட்டுப் போனாள். அம்மாவுக்கு மாத்திரை எத்தனை மணிக்குக் கொடுத்தேன், வலி எத்தனை மார்க்கு, வெளிக்குப் போனாளா இல்லையா. இந்த மூன்றையும் தினம் எழுத வேண்டுமாம். மூன்று வரிக்கு ஒரு முழுப் பக்கம். மீதி இடம் சும்மா கிடக்கிறதே என்று நான் எழுதிக்கொண்டிருக்கிறேன். அஞ்சாவது வரைக்கும்தான் படித்தேன். அதிலும் பாதி வருஷம் அம்மாவின் மீன் கூடை பின்னாடியே கீழ்க்கட்டளை தெருக்களில் சுற்றினேன். எழுத்துப்பிழை இருந்தால் ஜான்சி பொறுத்துக்கொள்ளட்டும்.

அம்மாவுக்குக் கணையத்தில் கட்டி. கணையம் என்று ஒன்று வயிற்றுக்குள் இருப்பதே எங்களுக்கு இந்த ஐந்து நாளாகத்தான் தெரியும். போன சனிக்கிழமை ஆஸ்பத்திரியில் இனி ஊசி, ஆபரேஷன் எதுவும் வேண்டாம், வலி தெரியாமல் வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். குப்பத்தில் தம்பி குணா வீட்டில் கக்கூஸ் மாடியில் இருக்கிறது. அதனால் பெருங்களத்தூரில் என் வீட்டுக்கு அழைத்து வந்தேன்.

ஜான்சி கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, "அம்மா, பூஜ்யம்னா வலியே இல்ல. பத்துன்னா தாங்கவே முடியாத வலி. இப்ப உங்களுக்கு எவ்வளவு?" என்று கேட்டாள்.

அம்மா அவளை மேலும் கீழும் பார்த்தாள். "நீ எவ்ளோ குடுப்ப?"

"நான் குடுக்கறதில்லம்மா. நீங்கதான் சொல்லணும்."

"அப்ப பதினஞ்சு."

"பத்துக்கு மேல கிடையாதும்மா."

"காலங்காத்தால போணி பண்ற நேரத்துல இப்பிடி அடிச்சிக் கேக்கறியே! சரி, மூஞ்சி லட்சணமா கீது, உனுக்காவ பன்னெண்டு."

கடைசியில் ஏழுக்குப் படிந்தது. "எடுத்துக்கோ, போ" என்றாள் அம்மா, ஒரு கிலோ வஞ்சிரத்தைப் பையில் போடுகிற மாதிரி. ஜான்சி ஏழு என்று எழுதிக்கொண்டாள். அந்த ஏழு நிஜ ஏழா, பேரத்தில் வந்த ஏழா என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டாள். எனக்கு எப்படித் தெரியும்? நாற்பது வருஷம் மீன் விற்றவள். எந்தப் பொருளுக்கும் முதலில் சரியான விலை சொன்னதே இல்லை.

ஜூன் 13

வலி: 7 (சொன்னது 11). மாத்திரை: 6, 10, 2, 6. வெளிக்கு: இல்லை.

ஜூன் 15, ஞாயிறு

குணா வந்தான். நேற்றோடு தடைக்காலம் முடிந்துவிட்டது, பெரிய போட்டெல்லாம் கடலுக்குப் போய்விட்டது, விலை இறங்கிவிடும் என்று அரைமணி நேரம் பேசினான். அம்மாவும் கட்டுமரம் ஓட்டுகிறவள் மாதிரி காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று கேட்டாள். பிறகு அவன், "வலிக்குதாம்மா?" என்றான்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லடா. ரெண்டு."

ஜான்சிக்குப் பதினஞ்சு, மகனுக்கு ரெண்டு! மகனுக்கு என்றால் கொள்முதல் விலைக்கும் கீழே. அவன் இருந்த முக்கால் மணி நேரமும் அம்மாவின் கால் விரல்கள் போர்வைக்குள் மடங்கி மடங்கி நிமிர்ந்துகொண்டிருந்தன. அவன் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

வாசலில் என்னை நிறுத்தி, "அக்கா, டாக்டரு சொன்ன கணக்க மட்டும் அம்மாகிட்ட சொல்லிடாத. எம்மேல சத்தியம் பண்ணு" என்றான். அவன் தலையில் கை வைத்துச் சத்தியம் பண்ணினேன். நாற்பத்திரண்டு வயசு. தலையில் முடி கொட்டிவிட்டது. கை வழுக்கியது.

டாக்டர் சொன்னது ஆறு வாரம். அதில் ஒரு வாரம் போய்விட்டது.

ஜூன் 18, புதன்

வெளிக்கு: இல்லை. நாலாவது நாள். ஜான்சி வேறு மருந்து கொடுத்திருக்கிறாள்.

என் வீட்டுக்காரர் ஜீவானந்தத்துக்குச் சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் கம்பெனியில் வேலை. ஷிப்டு முடிந்ததும் நரசிம்மர் கோயிலுக்குப் போய்த் துளசி வாங்கி வந்தார். மாமியார் மேல் அவருக்குப் பாசம் உண்டு. பயமும் உண்டு. கல்யாணமான புதிதில் வீட்டுக்கு ஒரு பாறை மீன் வாங்கி வந்தார். அம்மா செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "மாப்ள, இத்த வாங்கினு வந்தீங்களா, காரியத்துக்குக் கூட்டினு வந்தீங்களா?" என்று கேட்டாள். அன்றைக்கு மீன் கடைக்குப் போவதை விட்டவர்தான். இருபத்தைந்து வருஷமாகக் கோழி மட்டும் வாங்குகிறார்.

துளசியை அம்மா வாயில் போட்டுக்கொண்டாள். "நரசிம்மரு கோவக்காரரு. அவராண்ட எனுக்காவ கேக்காதீங்க மாப்ள. எதுனா எசகுபெசகா செஞ்சிடப் போறாரு."

ஜூன் 20

போனாள்!! வீடே கொண்டாட்டம். ஜான்சிக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவளும் கை தட்டினாள்.

ஜூன் 21, சனி

இதை எழுத வேண்டுமா என்று யோசித்தேன். எழுதாவிட்டால் நெஞ்சிலேயே நிற்கும்.

காலை பத்து மணி. நான் கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். அம்மா கூரையைப் பார்த்துக்கொண்டே, "டாக்டரு எவ்ளோ நாளு சொன்னாரு?" என்றாள்.

"எதுக்கு?"

"என் வாடிக்கை வூடுங்கள எப்சி கைல குடுக்கணும். அம்பத்திரண்டு வூடு. எத்தினி நாள்ல முடிக்கணும்னு தெரிய வாணாமா?"

எப்சி என்பவள் எங்கள் குப்பத்தில்தான் இருக்கிறாள். அவளும் கீழ்க்கட்டளையில்தான் மீன் விற்கிறாள். ஒரு சந்து யாருடையது என்பதில் அம்மாவுக்கும் அவளுக்கும் பதினோரு வருஷமாகப் பேச்சு இல்லை. அவளிடமா வீடுகளைக் கொடுக்கப் போகிறாள்? எனக்குத் தலை சுற்றியது. குணா தலையில் கை வைத்ததும் ஞாபகம் வந்தது.

"ரெண்டு வருசம் சொன்னாரு" என்றேன்.

அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "யாராண்ட வெல சொல்ற நீ? ஆறு மாசம்."

"அவ்ளோ கம்மி இல்லம்மா. ஒண்ணேகால் வருசம்."

"மூணு மாசம்."

நான் வாயைத் திறக்கவில்லை. வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இன்னாடி, கூடையத் தூக்க மாட்டேன்ற?"

கொள்முதலுக்குக் கீழே கேட்டால் மீன்காரி கூடையைத் தூக்கிக்கொண்டு நடப்பாள். லாபம் இருக்கிற வரைக்கும் நின்று பேசுவாள். சின்ன வயசில் எனக்கு இதை அம்மாதான் சொல்லிக்கொடுத்தாள். வாடிக்கைக்காரர்கள் எவ்வளவு கேட்கலாம் என்று நம் காலைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார்கள், அதனால் காலை அசைக்காதே என்பாள்.

"அப்ப இன்னும் கீய எறங்கலாம்" என்றாள். "ரெண்டு மாசம்."

நான் அசையவில்லை.

"ஒரு மாசம்."

எழுந்துவிட்டேன். யோசித்து எழவில்லை, உடம்பே எழுந்துவிட்டது. வெங்காயத் தட்டோடு அடுப்படிக்கு இரண்டடி வைத்துவிட்டேன்.

"ஆங்" என்றாள் அம்மா பின்னாலிருந்து. "ஒரு மாசத்துக்கு மேல. ரெண்டு மாசத்துக்குக் கீய. சரியா சொல்லு ஜோதி. நான் உன் அம்மா. எனுக்கும் கொசுறு கெடையாதா?"

"ஆறு வாரம்மா. அதுல ரெண்டு வாரம் பூட்ச்சி."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "அடிப்பாவி! ரெண்டு வாரத்த வேஸ்ட் பண்ணிட்டியேடி! முன்னாடியே சொல்றதுக்கு இன்னா?"

நான்தான் அழுதேன். வெங்காயம் என்றேன். "உரிச்ச வெங்காயத்துக்கு ஒப்பாரி வெக்கறா பாரு" என்றாள். அப்புறம் கொஞ்ச நேரம் கையை என் தலையில் வைத்திருந்தாள். சின்னக் கை. மீன் கழுவிக் கழுவி ரேகையே இல்லாத கை.

ஜூன் 22

அம்மாவே அவனிடம் சொல்லிவிட்டாளாம், குணா போனில் கத்தினான். எந்தலையில கை வெச்சி சத்தியம் பண்ணியே, நான் நல்லா இருக்க வாணாமா? நான் எங்கடா சொன்னேன், அதுவே அடிச்சுக் கேட்டு வாங்கிடுச்சு என்றேன். "அதாண்ட யாராலக்கா வெல மறைக்க முடியும்" என்று போனை வைத்துவிட்டான்.

ஜூன் 25, புதன்

எப்சி வந்தாள். கழுத்தில் சிலுவை, கையில் ஹார்லிக்ஸ் பாட்டில். வாசலிலேயே நின்றாள்.

அம்மா என்னைப் பார்த்து, "உள்ள வரச் சொல்லு" என்றாள்.

"உள்ள வாக்கா" என்றேன்.

எப்சியும் என்னைப் பார்த்தே, "ஒடம்பு எப்பிடிக் கீதுன்னு கேளு" என்றாள்.

"எப்பிடிக் கீதாம்மா?"

"சாவப் போறேன்னு சொல்லு."

எப்சியின் கையிலிருந்த பாட்டில் நழுவப் பார்த்தது. நான் பிடித்தேன். பதினோரு வருஷச் சண்டை அந்த ஒரு வார்த்தையில் செத்துப்போனது. "இன்னாக்கா இப்பிடி சொல்ற" என்று கட்டிலோரம் உட்கார்ந்து மூக்கைச் சிந்தினாள். அம்மா அவளை நன்றாக அழவிட்டாள். அழுது முடித்ததும், "அந்த சந்து என்னுதுதான், ஒத்துக்கோ" என்றாள்.

"உன்னுதுதான்க்கா."

"சரி, நீயே வெச்சிக்கோ."

வீடுகளை எல்லாம் கொடுக்கிறேன், ஆனால் ஒரு கண்டிஷன், என் பொண்ணு ஒரு நாள் உன்னோடு வந்து ஒவ்வொரு வீடாகக் காட்டுவாள், நீயாகப் போய்ப் பழக்கம் பிடிக்கக் கூடாது என்றாள் அம்மா. என்னைக் கேட்கவில்லை. எனக்குக் காலில் ஆணி. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். எதையும் கேட்கவில்லை.

ஜூன் 28

அம்மா சொல்லச் சொல்ல எழுதிக்கொள்கிறேன். கட்சி ஆள் ஓட்டர் லிஸ்ட் எழுதுவது மாதிரி.

மூணாம் நம்பர், டீச்சரம்மா. நண்டு வேணாம்பாங்க. வாங்குவாங்க. பொறுமையா நிக்கணும்.

பச்சை கேட்டு, போலீஸ்காரர் வீடு. அவர் இருந்தால் பேரம் பேச மாட்டார், அவர் சம்சாரம் பேசும். அவர் இருக்கிற நேரமாகப் போக வேண்டும்.

மாவு மில் பக்கத்து வீடு. மருமகள் வந்தால் சங்கரா, மாமியார் வந்தால் மத்தி. ரெண்டு பேரும் சேர்ந்து வந்தால் அன்றைக்குத் திரும்பி வந்துவிட வேண்டும்.

எட்டாம் நம்பர் மாடி, அபிதகுஜாம்பாள் மாமி.

"அய்ய, மாமியாம்மா? அவங்க எப்பிடி மீனு?" என்றேன்.

"பூனைக்குத்தான்டி! நாலு தெரு சுத்தின பூனை, அதுக்கு நெத்திலி இல்லாம சோறு எறங்காது. மாமி வாயால மீன்னு சொல்லாது. 'அது இருக்கா'ன்னு கேக்கும். ஸ்ரீநிவாசராகவன் சாரு வாக்கிங் போனதுக்கு அப்பால போவணும். சாருக்குத் தெரியாது."

"எவ்ளோ வருசமா?"

"இது மூணாவது பூனை."

அப்புறம் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள்: "மாமிகிட்ட மட்டும் சரியான வெல சொல்லச் சொல்லு அவள. மாமிக்கு பேரம் தெரியாது. சொன்னத அப்பிடியே நம்பிடும். அதாண்ட போய்க் கூட்டிச் சொன்னா பாவம்."

ஜூலை 3

வலி: 8 (சொன்னது 14). ஜான்சியும் தேறிவிட்டாள். "பதினாலுக்கு எல்லாம் கட்டாதும்மா, வேற நர்ஸ பாருங்க" என்று பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "வா வா, எட்டுக்கு எட்த்துக்கோ!"

ஜூலை 9, புதன்

அம்மா போனை வாங்கி வைத்துக்கொண்டு எல்லாச் சொந்தக்காரர்களுக்கும் தானே சொல்லிவிட்டாள். டாக்டர் சொன்ன ஆறு வாரம் முடிகிற நாள், பத்தொம்பதாம் தேதி சனிக்கிழமை. நாள் நட்சத்திரம் பார்த்துக் கல்யாணம் சொல்கிற மாதிரி சொல்லியிருக்கிறாள். எங்கள் கோதண்டம் மாமா, அம்மாவின் தம்பி, "சனிக்கிழமையா? எனுக்கு அன்னிக்கி லீவுதான்க்கா, தோதாப் போச்சு" என்றாராம்.

ஜூலை 15, செவ்வாய்

காலையில் வலி எவ்வளவு என்று கேட்டேன். "ஆறு" என்றாள்.

அவ்வளவுதான். பதினஞ்சு இல்லை, பன்னெண்டு இல்லை. போணி பற்றிப் பேசவில்லை. நான் எழுதாமல் நின்றேன். ஆறா என்றேன். ஆறு என்றாள். கண்ணைத் திறக்கவில்லை.

இன்னா ஆறு? ஆறுன்னா இன்னா அர்த்தம்? பத்து சொல்லும்மா, இருவது சொல்லு, நான் அடிச்சிக் கேக்கறேன், நீ திட்டு. இப்பிடி சரியா சொல்றதுக்கா நீ என் அம்மா? — இதெல்லாம் வாய்விட்டுச் சொன்னேனா, மனசுக்குள்ளேயே சொன்னேனா என்று தெரியவில்லை.

ஜான்சி மாத்திரையைக் கூட்டிக் கொடுத்தாள். சாயங்காலம் கண் திறந்து அரை டம்ளர் மோர் குடித்தாள். உப்பு பத்தவில்லை என்றாள்.

ஜூலை 19, சனி

சொன்ன தேதி. காலை எட்டு மணிக்கே குப்பத்திலிருந்து ஒரு வேன் நிறைய வந்துவிட்டார்கள். தெருவே எட்டிப் பார்க்கிறது. உள்ளே வந்து பார்த்தால் அம்மா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள்.

யாருக்கும் என்ன செய்வது என்று தெரியவில்லை. அழ ஆரம்பித்த ஒருத்தி பாதியில் நிறுத்தி இருமல் மாதிரி ஆக்கிக்கொண்டாள். கோதண்டம் மாமா ஒரு கேரி பையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றார்.

"இன்னாடா கோதண்டம் பையில?"

"ஒண்ணுமில்லக்கா. சாமிக்கு."

"எந்த சாமிக்கு? காட்டு."

ரோஜா மாலை. ஒரு கை தடிமன். பாரிமுனையிலிருந்து விடியக்காலம் வாங்கி வந்திருக்கிறார். அங்கே சல்லிசாம்.

"வாங்கினது வாங்கிட்ட. வாடிடும். போடு" என்றாள். போட்டார். அம்மா மாலையோடு நிமிர்ந்து உட்கார்ந்து, "போட்டா எடுங்க, அப்பால எடுத்தா கண்ணு மூடியில்ல இருக்கும்" என்றாள். குணா எடுத்தான். எல்லாரும் பக்கத்தில் நின்று எடுத்துக்கொண்டார்கள். எப்சியும் நின்றாள். இருபத்தோரு பேருக்கு நான் உப்புமா கிண்டினேன்.

போகும்போது எல்லாரிடமும் அம்மா மன்னிப்புக் கேட்டாள். "தேதிய மாத்தினது டாக்டரு. என் மேல தப்பில்ல."

ஜூலை 23

வலி: கேட்கவில்லை. மோர் இரண்டு ஸ்பூன். குணா இங்கேயே இருக்கிறான்.

ஜூலை 27, ஞாயிறு

காலை ஆறேகால். குணா ஒரு கை, நான் ஒரு கை.

ஆகஸ்ட் 11, திங்கள்

பதினாறாம் நாள் முடிந்தது. மீந்த மாத்திரைகளை எண்ணி வாங்கிக்கொள்ள ஜான்சி வந்தாள். நோட்டு வேண்டாம், நீங்களே வெச்சுக்கோங்கக்கா என்றாள். எப்சி போன் செய்தாள். நாளை மறுநாள் வருகிறாயா என்று. சரி என்றேன்.

ஆகஸ்ட் 13, புதன்

கால் வீங்கியிருக்கிறது. ஆனாலும் எழுதிவிட்டுத்தான் படுப்பேன்.

காலை ஏழு மணிக்குக் கீழ்க்கட்டளையில் இறங்கினோம். எட்டாம் நம்பரிலிருந்து ஆரம்பித்தோம், சார் வாக்கிங் போகிற நேரம் என்பதால். எப்சி கூடையோடு கீழே நின்றாள். நான் மட்டும் நெத்திலிப் பொட்டலத்தோடு மாடி ஏறினேன். மாமி கதவைத் திறந்தாள். மெலிந்த உடம்பு, ஈரத் தலையில் துண்டு.

"நீ அங்காளம்மா பொண்ணுன்னோ? அதே மூக்கு. எங்கடி உங்கம்மா? மூணு மாசமா ஆளக் காணோமே."

சொல்லத்தான் ஏறினேன். வாயைத் திறந்தேன். "ஊருக்குப் போயிருக்காங்க மாமி" என்று வந்தது.

"அப்படியா. ஆவணி பொறந்தா வந்துடுவாளோன்னோ?"

"வந்துடுவாங்க மாமி."

"சரி. வந்தா, புதுசா ஒண்ணு குட்டி போட்டிருக்கு, வந்து பாக்கணும்னு சொல்லு." பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, விலை கேட்காமலே பணத்தைக் கொடுத்துவிட்டாள்.

அவ்வளவுதான். 'எந்த ஊரு' என்று கேட்கவில்லை. 'இன்னாடி கத வுடற' என்று சொல்லவில்லை. கேட்டிருந்தால் நானே உண்மைக்கு இறங்கி வந்திருப்பேன்.

டீச்சரம்மா வீட்டில் உள்ளதைச் சொன்னேன். போலீஸ்காரர் வீட்டிலும் சொன்னேன். மாவு மில் பக்கத்து வீட்டில் மாமியாரும் மருமகளும் சேர்ந்தே வந்தார்கள். சொன்னேன். ஒருத்தரை ஒருத்தர் பிடித்துக்கொண்டு அழுதார்கள். ஐந்தாவது வீட்டு வாசலில் நின்றுவிட்டேன்.

"இன்னாடி?" என்றாள் எப்சி.

"தோ வந்துட்டேன்க்கா."

திரும்ப எட்டாம் நம்பருக்கு நடந்து, மாடி ஏறி, மணி அடித்தேன். மாமி ஒரு கையில் கிண்ணம், ஒரு கையில் நெத்திலிப் பொட்டலத்தோடு வந்தாள். குட்டி ஒன்று அவள் புடவையில் தொங்கிக்கொண்டிருந்தது.

"மாமி, நான் சொன்னது பொய். அம்மா செத்துப்போச்சு. போன மாசம் இருவத்தி ஏழாந்தேதி."

மாமி கதவைத் தாண்டி வெளியே வந்து படியில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கும் கால் வலி. நானும் ஒரு படி கீழே உட்கார்ந்தேன். குட்டி வந்து கிண்ணத்தில் தலையை விட்டது.

அப்போது பார்த்து ஸ்ரீநிவாசராகவன் சார் வாக்கிங் முடிந்து, கையில் குச்சியோடு ஏறி வந்துவிட்டார். நான் பதறிப்போய்ப் பொட்டலத்தை என் முந்தானைக்குள் இழுத்தேன். மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அங்காளம்மான்னு ஒருத்தி. உங்களுக்குத் தெரியாது. போயிட்டாளாம்" என்றாள்.

சார் குச்சியைச் சுவரில் சாய்த்தார். "தெரியாம என்ன? இருவது வருஷமா அவ தெருமுனையில குரல் குடுத்தாதானே நான் வாக்கிங்கே கெளம்பறேன்."

மாமி வாயைத் திறந்தபடி அவரைப் பார்த்தாள். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சாவு சொல்ல வந்த இடத்தில் சிரிக்கிறோமே என்று வாயைப் பொத்தினேன். அடங்கவில்லை. மாமிக்கும் தொற்றிக்கொண்டது. சிரித்தோமா அழுதோமா, இரண்டு பேரும் படியில் உட்கார்ந்துகொண்டு. சார் எங்களைத் தாண்டிப் போக வழியில்லாமல் அங்கேயே நின்றார்.

கீழேயிருந்து எப்சி கத்தினாள்: "இன்னாடி ஜோதி, குடும்பம் நடத்தினு கீறியா மேல? இன்னும் நாப்பத்தெட்டு வூடு கீது!"